பாட்டில், டின் எல்லாம் சேத்து பிளாஸ்டிக் பட்டை போட்டு கட்டறது எப்படி (தூக்கும்போது நடுவுல இருக்கறது விழாம)

தண்ணி பாட்டில், சோடா பாட்டில், டின்னு எதுவா இருந்தாலும் ஒண்ணா சேத்து பட்டை போட்டு கட்டணும்னா எல்லாரும் முதல்ல பாக்கறது எவ்ளோ டைட்டா இழுத்தோம்ங்கறதைத்தான். இழுத்து இழுத்து பாட்டில் இடுப்பு ஒடுங்கற வரைக்கும் இழுப்பாங்க, அப்புறமும் தூக்கினா நடுவுல இருக்கறது நழுவி கீழ விழும், உடனே பட்டை சரியில்லன்னு சொல்லிடுவாங்க. பட்டை மேல தப்பே இல்ல. அடுக்கினதுலதான் தப்பு. அடுக்கு சரியா இருந்தா சாதா 9 மிமீ பட்டையே போதும், அடுக்கு தப்பா இருந்தா எவ்ளோ நல்ல பட்டை போட்டாலும் கட்டு ஆடும். அதனால பட்டை, கிளிப், மெஷின் கதையெல்லாம் அப்புறம் பாக்கலாம், முதல்ல அடுக்கை பாத்துடுவோம்.

ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணுன்னு ஆறு பாட்டில் நேர் நேரா வச்சு சுத்தி பட்டை போட்டிருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. நல்லா டைட். இப்ப ஒரு கையால முன் வரிசையை இடது பக்கமும் இன்னொரு கையால பின் வரிசையை வலது பக்கமும் தள்ளிப் பாருங்க. மொத்த கட்டும் சாய்ஞ்சு கோணலாகும், பட்டை அதை தடுக்கவே தடுக்காது. ஏன்னா நேரா இருக்கும்போது சுத்தளவு எவ்ளோவோ சாய்ஞ்ச பிறகும் அதே சுத்தளவுதான், ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது, பட்டைக்கு தான் இழுபடறோம்னே தெரியாது. ஒரு வரிசை பாட்டில் இன்னொரு வரிசையோட இடுக்குல போய் உக்காந்து முட்டுற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கும். வண்டியில ஏத்தி நாலு குலுக்கு குலுக்கினா நேர் கட்டெல்லாம் கோணலாகி நிக்கறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொண்ணு, இது பல பேருக்கு தோணவே தோணாது. பட்டை எங்க வளையுதோ அங்க மட்டும்தான் உள்பக்கமா அழுத்தும். நேரா போற இடத்துல அழுத்தம் கிடையாது. ரெண்டுக்கு மூணு கட்டுல நாலு மூலை பாட்டில் மேல பட்டை வளையுது, அந்த நாலுக்கும் நல்ல பிடி. நடுவுல இருக்கற ரெண்டு பாட்டிலை பட்டை சும்மா தொட்டுட்டு நேரா போயிடுது. அந்த ரெண்டும் நிக்கறது பக்கத்து பாட்டில்கள் நெருக்கறதால மட்டும்தான். நாலுக்கு ஆறு மாதிரி பெரிய கட்டுன்னா நீளப் பக்கம் நடுவுல இருக்கறதுக்கெல்லாம் பிடியே இருக்காது, பெரிய கட்டு மேல தூக்கினா வயிறு சரிஞ்சு நடுப் பாட்டில் எட்டிப் பாக்கறது இதனாலதான்.

சரி அப்ப எப்படி அடுக்கறது. இடுக்குல உக்கார வைங்க. முதல்லயே. ரெண்டு பாட்டில் நடுவுல வர்ற பள்ளத்துல அடுத்த வரிசை பாட்டில் வந்து உக்காரணும். மூணு பாட்டில்னா முக்கோணம், இது அசையவே அசையாது. ஏழுன்னா நடுவுல ஒண்ணு சுத்தி ஆறு, இதுதான் இருக்கறதுலயே அருமையான கட்டு, ஏன்னா வெளிய இருக்கற ஆறு பாட்டில் மேலயும் பட்டை வளையுது, ஆறும் நடு பாட்டிலை எல்லா பக்கமும் இருந்து அமுக்குது. பத்துன்னா மூணு நாலு மூணு. பன்னெண்டுன்னா மூணு நாலு மூணு ரெண்டுன்னு வைக்கலாம், பாக்க ஒரு பக்கம் கூம்பின மாதிரி இருக்கும், ஆனா நல்லா நிக்கும்.

பட்டை எவ்ளோ நீளம் வேணும்ங்கறதுக்கு கணக்கு ரொம்ப சுலபம். ஓரத்துல இருக்கற பாட்டில்களோட நடுப்புள்ளியை எல்லாம் கோடு போட்டு சேத்தா ஒரு உருவம் வரும்ல, அதோட சுத்தளவு கூட ஒரு பாட்டில் விட்டத்தோட 3.14 மடங்கை கூட்டிக்கோங்க, அவ்ளோதான். ரெண்டுக்கு மூணு நேர் கட்டுக்கு விட்டத்தைப் போல 9.14 மடங்கு வரும். ஏழு பாட்டில் பூ கட்டுக்கும் போட்டுப் பாருங்க, அதே 9.14 தான்! ஆறு கட்டற பட்டையில ஏழு கட்டலாம், அதுவும் இன்னும் உறுதியா. சாதா 330 மில்லி டின்னோட விட்டம் 66 மிமீ, அப்ப ஏழு டின்னுக்கு சுத்தளவு 60 சென்டிமீட்டர் சொச்சம். பன்னெண்டு டின்னை மூணுக்கு நாலா நேரா வச்சா கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர், மேல சொன்ன மூணு நாலு மூணு ரெண்டுல வச்சா 80. நிறைய கட்டு போடறவங்களுக்கு இந்த வித்தியாசம் ரோல் கணக்குல தெரியும்.

இல்லங்க எனக்கு நேர் கட்டுதான் வேணும், பெட்டியில போகணும், பேலட்ல (சரக்கு அடுக்கி தூக்கற பலகை) சதுரமா நிக்கணும்னா அதுவும் சரிதான், ஆனா அப்ப அடியில ஓரம் மடிச்ச அட்டை ட்ரே ஒண்ணு கண்டிப்பா வேணும். ட்ரேயோட நாலு மூலைதான் சாய விடாம பிடிக்கும், பட்டை சேத்து மட்டும்தான் வைக்கும். ட்ரே இல்லாம நேர் கட்டு போடறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எதை கட்டறோம்

எல்லா பாட்டிலும் ஒண்ணு இல்ல. கேஸ் அடிச்ச கூல்டிரிங்ஸ் பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் தான் கட்டறதுக்கு ரொம்ப சுலபம், உள்ள இருக்கற அழுத்தம் வெளிக்காத்தை விட மூணு நாலு மடங்கு இருக்கறதால பாட்டில் கல்லு மாதிரி விறைப்பா நிக்கும், நல்லா இழுத்து கட்டலாம். சாதா தண்ணி பாட்டில் அப்படி இல்ல. இப்ப வர்றதெல்லாம் ரொம்ப மெலிசு, கொஞ்சம் அதிகமா இழுத்தா இடுப்பு உள்ள போயிடும், லேபிள் சுருங்கி கிழிஞ்சு தொங்கும். அதுக்கு அகலமான பட்டை, கம்மி இழுவை.

டின்னுக்கு ஒரு குணம் இருக்கு. நிரப்பின டின்னு மேல இருந்து வர்ற பாரத்தை நல்லா தாங்கும், ஆனா பக்கச்சுவர் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுதான், பட்டையோட ஓரம் ஒரே இடத்துல அழுத்தினா கோடு விழும். கோடு விழுந்த டின்னை யாரும் எடுக்க மாட்டாங்க. பட்டைக்கும் டின்னுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு அட்டைத் துண்டு சுத்தி விட்டா பிரச்சனை முடிஞ்சுது. காலி டின்னை பட்டை போட்டு கட்டற வேலையே வேணாம், அது நசுங்கறதுக்குன்னே பொறந்தது, சாக்குல போடுங்க.

காலி பெட் பாட்டில் திருப்பி அனுப்பறதுக்கு கட்டணும்னா மூடியை நல்லா இறுக்கி மூடிட்டு கட்டுங்க. உள்ள மாட்டின காத்து தான் பாட்டிலை உருட்டா வச்சிருக்கும். மூடி இல்லாம கட்டினா முதல் இழுப்புலயே சப்பையாகி எல்லாம் லூசாயிடும்.

கண்ணாடி பாட்டில் பட்டைக்கு பயப்படாது, பக்கத்து பாட்டிலுக்குத்தான் பயப்படும். ரெண்டு கண்ணாடி நேரா உரசிக்கிட்டே வண்டியில போனா முதல்ல வெள்ளையா தேய்மானக் கோடு விழும், அந்த இடத்துலதான் அப்புறம் விரிசல் ஆரம்பிக்கும். நடுவுல அட்டைத் தடுப்பு வச்சுட்டு கட்டுங்க. தடுப்பு வச்சா இடுக்குல உக்கார வைக்கற அடுக்கு வராது, அதனால கண்ணாடிக்கு ட்ரேயோ பெட்டியோ இருந்தே ஆகணும். வெறும் பட்டையை நம்பி கண்ணாடி பாட்டிலை தூக்கக் கூடாது, அவ்ளோதான் சொல்லுவேன்.

ஜூஸ், பால் வர்ற அட்டைப் பேக்கெட் சதுரமா இருக்கறதால அடுக்கறது ஈஸி, ஆனா பட்டை மூலையில மடியற இடத்துல அட்டையை அறுக்கும். நாலு மூலைக்கும் மடிச்ச அட்டை வச்சுக்கோங்க.

பட்டை

கடையில ரெண்டு ஜாதி இருக்கும், பிபி (PP, அதாவது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) பட்டை, பெட் (PET, பாட்டில் செய்யற அதே பிளாஸ்டிக்) பட்டை. பாத்த உடனே தெரியலன்னா ஒரு துண்டு வெட்டி தண்ணியில போட்டு விரலால நல்லா முக்கி விடுங்க, பிபி மேல மிதந்து வரும், பெட் அடியில போய் படுத்துக்கும். பாட்டில் கட்டறதுக்கு பிபி போதும். இது கொஞ்சம் இழுபட்டு திரும்ப சுருங்கற குணம் உள்ளது, பாட்டில் லேசா ஒடுங்கினாலும் கூடவே வந்து பிடிச்சுக்கும். ஆனா அதுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, இழுத்து கட்டி விட்டுட்டா நேரம் ஆக ஆக இழுவை குறைஞ்சுக்கிட்டே வரும், முதல் நாள்லதான் அதிகமா குறையும். அதனால கட்டின உடனே டைட்டா இருக்குன்னு திருப்திப்பட்டு லோடு ஏத்தாதீங்க, ஒரு ராத்திரி விட்டு காலையில தொட்டுப் பாருங்க. பெட் பட்டை இழுவையை ரொம்ப நாள் விடாம வச்சிருக்கும், ஆனா விறைப்பா இருக்கும், ஓரம் கூர்மையா இருக்கும், மெலிசு பாட்டில் மேல போட்டா அறுக்கற மாதிரி பதியும். பேலட் முழுக்க சுத்திக் கட்டறதுக்கு, குளிர் ரூம்ல நாள் கணக்கா நிக்கற சரக்குக்கு பெட் நல்லது. பிபி உறை நிலைக்கு கீழ போனா மொறமொறன்னு ஆயிடும், கிட்டத்தட்ட அந்த குளிருலதான் அதோட நெகிழ்ச்சி போகும்.

அகலம் பொதுவா 5 மிமீல இருந்து 19 மிமீ வரைக்கும் கிடைக்கும். சின்ன டின்னு, கால் லிட்டர் அரை லிட்டர் பாட்டில்னா 9 மிமீ, ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர்னா 12 மிமீ. 15க்கு மேல பாட்டில் கட்டுக்கு தேவையே இல்ல. அறுந்துடுமோன்னு பயந்து அகலம் கூட்ட வேணாம், ஏழு பாட்டிலோட எடையை விட பட்டையோட பலம் ரொம்ப அதிகம், பட்டை நடுவுல அறுந்து கட்டு விழுந்ததை விட ஜாயிண்ட் விட்டு விழுந்ததுதான் எப்பவும் அதிகம். அகலம் கூட்டறது பாட்டில் மேல பதியாம இருக்கறதுக்குத்தான்.

ரோல் வாங்கும்போது நடு ஓட்டை அளவை பாத்து வாங்குங்க, 200 மிமீ, 406 மிமீ ரெண்டும் சகஜமா வரும், உங்க ஸ்டாண்டுக்கோ மெஷினுக்கோ எது ஏறும்னு தெரியாம வாங்கினா ரோலை தரையில போட்டு உருட்டிக்கிட்டுதான் வேலை பாக்கணும். மெஷின் பட்டையும் கை பட்டையும் வேற வேற. மெஷின் பட்டை ஒரே சீரான தடிமனா இருக்கணும், இல்லன்னா உள்ள போய் சிக்கும். கை பட்டையை மெஷின்ல விட்டுட்டு மெஷின் ரிப்பேர்னு ஆள் கூப்பிடறவங்க நிறைய.

எந்த உயரத்துல போடணும்

பாட்டிலும் பாட்டிலும் எங்க தொடுதோ அங்க. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும். கழுத்துப் பக்கம் சரிவா போற இடத்துல போட்டா இழுக்க இழுக்க பட்டை மேல ஏறி கழட்டிக்கிட்டு வந்துடும். பாட்டில் உடம்புல வரி வரியா பள்ளம் இருந்தா அந்த பள்ளத்துல பட்டை உக்காரற மாதிரி போடுங்க, மேலயும் கீழயும் இருக்கற மேடு அதை நகர விடாது. ஆனா பட்டை அகலம் பள்ளத்தை விட அதிகமா இருந்தா மேட்டு மேல ஏறி நிக்கும், அது வேஸ்ட். லேபிள் மேல போடாம இருக்க முடிஞ்சா நல்லது, கோட் நம்பர், தேதி எல்லாம் மறைஞ்சுடும், லேபிளும் வழுக்கும்.

ஒரு பட்டையா ரெண்டு பட்டையா? டின்னு மாதிரி குள்ளமா இருக்கறதை ஏழு கட்டா நடுவுல ஒரே பட்டை போட்டு சமாளிக்கலாம். பாட்டில்னா ரெண்டு வேணும், அடியில இருந்து கால்வாசி உயரத்துல ஒண்ணு, தோள்பட்டைக்கு கொஞ்சம் கீழ ஒண்ணு. நடுவுல ஒண்ணு மட்டும் போட்டா மேல தலையெல்லாம் விசிறி மாதிரி விரியும். முதல்ல கீழ் பட்டையை போடுங்க, அப்பதான் அடி நகராம நிக்கும், மேல் பட்டை போடும்போது பாட்டில் தானா நேராகிக்கும். சோடா பாட்டிலோட அடி அஞ்சு கால் மாதிரி வளைஞ்சு இருக்கும், அந்த வளைவு முடிஞ்சு உடம்பு நேராகற இடத்துக்கு மேலதான் கீழ் பட்டை வரணும்.

கையால போடறது

கொஞ்ச கட்டுதான்னா பிளாஸ்டிக் பக்கிள் போதும், டூல் எதுவும் வேணாம். பாட்டிலை துடைச்சுக்கோங்க, குளிர்ல இருந்து எடுத்து வேர்த்திருந்தா காயற வரைக்கும் காத்திருங்க, ஈரத்துல கட்டினா வழுக்கும். சமமான மேஜை மேல அடுக்கை வச்சு, ஒரு வட்ட ரப்பர் பேண்டையோ டேப்பையோ மேல் பக்கம் தற்காலிகமா சுத்தி விடுங்க, இல்லன்னா ஒரு கையால அடுக்கை பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பட்டையை கோர்க்கறதுக்குள்ள ஏழாவது பாட்டில் கிளம்பிடும்.

பட்டையை கணக்குப் போட்ட சுத்தளவை விட 30 சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டுங்க, இழுக்க பிடி வேணும்ல. ஒரு முனையை மடிச்சு காது மாதிரி பண்ணி பக்கிளோட ஒரு பக்க ஓட்டை வழியா அடியில இருந்து மேல தள்ளி அங்க இருக்கற கொம்புல மாட்டுங்க, வால் ஒரு நாலு விரல் அளவு வெளிய நிக்கட்டும். பட்டையை அடுக்கை சுத்தி முறுக்கு இல்லாம கொண்டு வந்து இன்னொரு முனையையும் அதே மாதிரி மடிச்சு அடுத்த பக்க கொம்புல மாட்டுங்க. இப்ப நீளமா இருக்கற வாலை பக்கிள்ல இருந்து விலகற திசையில, பட்டையோட ஒட்டின மாதிரியே இழுங்க. மேல் பக்கமா தூக்கி இழுத்தா பக்கிள் நிமிந்து நழுவும். இழுக்கும்போதே இன்னொரு கையால எதிர்ப்பக்க பாட்டிலை உள்ள அமுக்கி விட்டா பட்டை சுத்தி வந்து சமமாகும், இல்லன்னா பக்கிள் பக்கம் டைட்டாவும் பின்பக்கம் தொளதொளன்னும் இருக்கும்.

பக்கிள் எங்க வரணும்? பாட்டில் வளைவு மேல வரவே கூடாது. ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல பட்டை நேரா பாலம் மாதிரி போற இடம் இருக்குல்ல, அங்கதான். வளைவு மேல வந்தா பக்கிளோட முனை பாட்டில்ல குத்தும், பக்கிளும் சமமா உக்காராது.

டூல் வச்சு போடறவங்க இரும்பு கிளிப், டென்ஷனர் (பட்டையை இழுத்து டைட் பண்ற டூல்), கிரிம்பர் (கிளிப்பை கடிச்சு அமுக்கற டூல்) மூணும் வச்சிருப்பீங்க. பட்டை முனை அடியில, ரோல்ல இருந்து வர்றது மேலன்னு ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, டென்ஷனரோட பாதத்தை அடியில விட்டு, கீழ் முனையை கவ்வ விட்டு, மேல் பட்டையை சுத்தற உருளையோட வெட்டுல கோர்த்து கைப்பிடியை ஆட்டணும். இங்க ஒரு சின்ன விஷயம், டென்ஷனரோட பாதம் பட்டைக்கும் பாட்டிலுக்கும் நடுவுல மாட்டியிருக்கு, வேலை முடிஞ்சு அதை உருவும்போது அந்த தடிமன் அளவுக்கு பட்டை லூசாகும். பெட்டி கட்டும்போது இது தெரியாது, சின்ன பாட்டில் கட்டுல நல்லா தெரியும். அதனால வேணும்ங்கறதை விட ஒரு பல் கூட இழுத்து, கிளிப்பை ரெண்டு பட்டையும் உள்ள இருக்கற மாதிரி மாட்டி, கிரிம்பரால பக்கத்து பக்கத்துல ரெண்டு கடி கடிச்சு, அப்புறம் டூலை உருவுங்க. ஒரே கடி போட்டா பிபி பட்டை மெதுவா வழுக்கிக்கிட்டே வரும். கிளிப் ஓரம் கையை கிழிக்கும், கிளவுஸ் போடுங்க.

மெஷின்ல போடறது

தினம் நூறு கட்டுக்கு மேலன்னா மேஜை மாதிரி இருக்கற செமி ஆட்டோ மெஷினுக்கு போயிடுங்க, தோள்பட்டை தப்பிக்கும். பாட்டில் கட்டை மேஜை மேல ஸ்டாப்பர் ஓரமா ஒட்டி வச்சு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பட்டையை சுத்தி கொண்டு வந்து எதிர் ஓட்டையில செருகினா மிச்சம் எல்லாம் அதுவே பண்ணிடும், இழுக்கும், சூடான பிளேடு ரெண்டு பட்டைக்கும் நடுவுல போய் உருக்கும், அமுக்கி ஒட்டும், வெட்டும். கிளிப்பே தேவையில்ல. ஆனா பட்டை மேஜைக்கு அடியில இருந்து வர்றதால கட்டு செங்குத்தா நிக்க முடியாது, படுக்க வைக்கணும், அங்கதான் அடுக்கு கலையும். படுக்க வைக்கறதுக்கு முன்னாடி ட்ரேயோ டேப்போ போட்டுக்கறது அதனாலதான். படுக்கைப் பட்டை போடற மாதிரி பக்கவாட்டுல திரும்பின மெஷினும் இருக்கு, பாட்டில் வேலைதான் முக்கியம்னா அதை தேடி வாங்குங்க.

ஆன் பண்ண உடனே கட்ட ஆரம்பிக்காதீங்க, ஹீட்டர் சூடேறட்டும். முதல் ஒட்டை சரக்குல போடாம சும்மா ஒரு கட்டைத் துண்டு மேல போட்டு வெட்டி எடுத்து, ஒட்டின இடத்தை நகத்தால பிரிச்சுப் பாருங்க. நல்ல ஒட்டுன்னா சுலபமா பிரியாது, பிச்சு எடுத்தா நார் நாரா கிழிஞ்சு வரும், அதுவும் ஒட்டின பரப்பு முழுக்க. பளபளன்னு சுத்தமா ரெண்டா பிரிஞ்சு வந்தா சூடு பத்தல. ஓரத்துல உருகி வழிஞ்சு, பழுப்பா, மெலிசா ஆயிருந்தா சூடு அதிகம், ஒட்டுக்குப் பக்கத்துலயே முறியும். பிபி 160 டிகிரி சொச்சத்துல உருகும், பெட் 250க்கு மேல, அதனால ஒண்ணுக்கு வச்ச செட்டிங்ல இன்னொண்ணை ஓட்ட முடியாது. பிளேடு மேல உருகின பிளாஸ்டிக் கருப்பா ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஒட்டு சரியா வராது, மெஷினை அணைச்சு ஆறின பிறகு சுரண்டி எடுங்க.

டென்ஷன் குமிழை எப்பவும் குறைச்சலான பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு கட்டா கூட்டிக்கிட்டே வாங்க. பாட்டில் லேசா உள்ள போற அறிகுறி தெரிஞ்ச உடனே கொஞ்சம் திருப்பி விட்டு நிறுத்துங்க. அதுதான் உங்க பாட்டிலோட அளவு, வேற பிராண்டு பாட்டில் வந்தா திரும்ப பாக்கணும்.

நிக்குதான்னு பாக்கறது

ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல பட்டை நேரா போற இடத்தை விரலால அமுக்குங்க. கொஞ்சம் உள்ள போய் துள்ளி திரும்பி வரணும். விரல் முழுசா அடியில நுழைஞ்சா லூசு. அப்புறம் வெளிய இருக்கற ரெண்டு பாட்டிலோட கழுத்தை மட்டும் பிடிச்சு மேஜையில இருந்து ஒரு சாண் தூக்குங்க, நடு பாட்டிலும் கூடவே வரணும். ஏழு கட்டுல நடு பாட்டிலை பட்டை தொடறதே இல்ல, மத்த ஆறோட அமுக்கலுலதான் அது நிக்குது, அதனால கட்டு சரியில்லன்னா முதல்ல காட்டிக் குடுக்கறது அதுதான். இறங்குதுன்னா இன்னும் கொஞ்சம் இழுங்க, அதுக்கும் கேக்கலன்னா அடியில அட்டை வச்சு மேலயும் கீழயும் சேத்து ஒரு செங்குத்து பட்டை போட்டுடுங்க. செங்குத்து பட்டை போடும்போது மூடி மேல நேரா போடாதீங்க, மேல ஒரு கனமான அட்டை வச்சு அது மேல போடுங்க.

கட்டின பட்டையை கைப்பிடியா பிடிச்சு தூக்கற வேலை வேணாம். ஒரு லிட்டர் ஏழுன்னாலே ஏழு கிலோவுக்கு மேல, 12 மிமீ பட்டை விரலை அறுக்கும், அதோட நீங்க தூக்கற பக்கம் பட்டை வெளிய இழுபட்டு எதிர்ப்பக்கம் மேல ஏறும். தூக்கணும்னு இருந்தா தனியா கைப்பிடி டேப் ஒட்டுங்க, இல்லன்னா அடியில கை குடுத்து தூக்குங்க.

கட்டுல இருந்து ஒரு பாட்டில் மட்டும் உருவறதும் அப்படித்தான், ஒண்ணு போனா மொத்தமும் லூசு, அந்த கட்டை பிரிச்சதா கணக்கு வச்சுக்கோங்க.

வைக்கற இடம். வெயில் படக் கூடாது, வெயில்பட்ட பிபி வெளுத்து பொடிஞ்சு போகும், பாட்டில்லயும் கேஸ் அழுத்தம் ஏறி பாட்டில் லேசா பெருக்கும், ஏற்கனவே டைட்டா இருக்கற பட்டை அப்ப உள்ள பதியும். ஃபிரிட்ஜ்ல வச்சா எதிர்மாதிரி, உள்ள இருக்கற காத்து சுருங்கி கட்டு கொஞ்சம் தளரும், எடுத்து வெளிய வச்சா சரியாகும். ஃபிரீசர்ல கட்டோட வைக்காதீங்க, தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், பட்டை ஒரு பக்கம் நெருக்க பாட்டில் வேற பக்கம் பிதுங்கும். கட்டு மேல கட்டு அடுக்கும்போது நடுவுல அட்டை ஷீட் போடுங்க, மேல் கட்டோட பாரம் கீழ இருக்கற எல்லா மூடிக்கும் சமமா பிரியும்.

பிரிக்கறது

இழுவையில இருக்கற பட்டையை வெட்டினா சட்டுனு துள்ளும், முனை கூர்மையா இருக்கும், பட்டைக்கு நேரா முகத்தை வச்சுக்கிட்டு வெட்டாதீங்க. பக்கவாட்டுல நின்னு, வெட்டற இடத்துக்கு ரெண்டு விரல் தள்ளி பட்டையை உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கத்தரிக்கோலால வெட்டுங்க. பிளேடு கத்தி வேணாம், பாட்டில்ல ஒரு கீறல் பட்டா போதும். ரெண்டு பட்டை இருந்தா மேல் பட்டையை முதல்ல வெட்டணும், கீழ் பட்டையை முதல்ல வெட்டினா அடி விரிஞ்சு உருண்டு ஓடும்.

வெட்டாம உருவி எடுத்த பட்டை, அதாவது இன்னும் வளையமாவே இருக்கறது, அதை அப்படியே குப்பையில போடாதீங்க. கடல்ல போய் சேர்ற பட்டை வளையத்துல சீல் (கடல்நாய்) மாதிரி பிராணிங்க கழுத்தை விட்டுடும், அது வளர வளர வளையம் சதைக்குள்ள இறுகிக்கிட்டே போகும். கப்பல்ல இருந்து பிளாஸ்டிக் எதையும் கடல்ல போடக் கூடாதுன்னு மார்போல் ஒப்பந்தத்தோட (கப்பல்களால கடல் மாசாகாம தடுக்கற சர்வதேச ஒப்பந்தம்) அஞ்சாவது இணைப்பு 1988 கடைசியில இருந்தே அமல்ல இருக்கு, ஆனா கரையில இருந்து போறதுக்கு நாமதான் பொறுப்பு. வளையத்தை வெட்டி நேராக்கி, பிபி தனியா பெட் தனியா சுருட்டி வச்சா பழைய பிளாஸ்டிக் எடுக்கறவங்க எடுத்துப்பாங்க, ரெண்டையும் கலந்து குடுத்தா உருக்கறதுக்கு ஆகாது. இரும்பு கிளிப் இருந்தா அதை வெட்டி எடுத்துட்டு குடுங்க.